ஹாரனுக்கு ஒரு குட்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வேனாம். அந்த வேனுக்குள்ளே ஒரு ராஜாவாம். ராஜாவுக்குப் பதினொரு வயசாம். ராஜாவுக்கு ஒரு தளபதியாம், கொஞ்சம் மந்திரிகளாம், எல்லோருக்கும் அடியிலே ஒரே ஒரு குடியானவனாம்.

சிரிக்காதீர்கள் சார். ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் கதை ஆரம்பிப்பேன். ஆனால் நான் இப்போது சொல்வது கதை இல்லை. அந்த வேன் இதுதான். நீங்கள் சாய்ந்து நிற்கிறீர்களே, அந்தக் கதவுக்கு உள்ளேதான் ராஜ்ஜியம் நடக்கிறது.

தம்பி, ஏறிப் பாருப்பா. ஷூவோடவே ஏறு, பரவாயில்லை. இனியன்தானே பேரு? நல்ல பேர். எங்கே வேண்டுமானாலும் உட்காரு, கடைசி சீட்டில் மட்டும் வேண்டாம்.

நீங்கள் ஊருக்குப் புதுசு. மின்வாரியத்தில் மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். பையனுக்கு வேனில் இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள், இருக்கிறது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். 'பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக இருப்பார்களா?' என்று இன்னொரு வார்த்தை கேட்டுவிட்டீர்கள். மற்றவர்களிடம் என்றால் 'தங்கமான பிள்ளைகள்' என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. தெரியாதவரிடம்தானே சிலதைச் சொல்ல முடிகிறது. மணி அடிக்க இன்னும் நேரம் கிடக்கிறது. நிழலுக்கு வாருங்கள்.

என் பையனும் இந்தப் பள்ளிக்கூடம்தான். சபரிநாதன். நாலாம் வகுப்பு. போன வருஷம் வரைக்கும் எங்கள் தெருப் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தான். இந்த வருஷம் சாரல் தொடங்கின மாசத்தில் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். இதே வேனில்தான் வருகிறான். காலையில் முதலில் ஏறுவது அவன்தான், சாயங்காலம் கடைசியில் இறங்குவதும் அவன்தான். ஆனால் ஒன்று சார், அவன் என் பையன் என்று வேனில் யாருக்கும் தெரியாது. நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. இன்னொரு வேன் ஓட்டுகிறவர் பையன் ஒருத்தன் இங்கே படித்தான். நல்ல பையன். அவனுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் 'கிளீனர்'. 'ஏல கிளீனர், கதவ அடைல', 'ஏல கிளீனர், ரைட் சொல்லுல'. அந்தப் பையன் பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவன் சொந்தப் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் முதல் நாளே சபரியை உட்கார வைத்துச் சொன்னேன். "ஐயா, வேனுக்குள்ள என்னைய அப்பான்னு கூப்பிடாத. மத்த பிள்ளையெல்லாம் எப்படிக் கூப்பிடுதோ அப்படியே அங்கிள்னு கூப்பிடு. எறங்கி வீட்டுக்கு வந்தபொறவு அப்பான்னு ஆயிரம் தடவ கூப்பிடு" என்றேன். அவனுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. 'சரி அங்கிள்' என்று அப்போதே சொல்லிக் காட்டினான். அவன் அம்மா மாரிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ராஜாவைச் சொன்னேனே, அவன் பேர் அஸ்வத். ஆறாம் வகுப்பு. அவன் அப்பாவுக்கு பஜாரில் பெரிய இரும்புக்கடை. பார்த்தால் ராஜா மாதிரியே இருக்கமாட்டான், ஒல்லிக்குச்சி. கையை ஓங்கி நான் பார்த்ததே இல்லை. கடைசி சீட்டில் இடது பக்க ஜன்னல்தான் அவன் இடம். ஆனால் அவன் ஏறுவது பஜார் முக்கில். அதற்கு முன்னாலேயே வேன் நிறைந்துவிடும். பிள்ளைகள் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஜன்னலோரம் மட்டும் காலியாகவே வரும். 'உட்காராதே' என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கலெக்டர் காரில்கூட இவ்வளவு மரியாதை இருக்குமா என்று தெரியவில்லை.

எட்வின் என்று ஒருத்தன். அவன்தான் தளபதி. அஸ்வத்தைப்போல இரண்டு மடங்கு இருப்பான். அஸ்வத் நாக்கை 'ச்சொ' என்று தட்டினால் போதும், எட்வின் கை எழுந்துவிடும். எதற்கு அந்த 'ச்சொ', யாருக்கு அந்த 'ச்சொ', எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஓட்டுகிற எனக்கும் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே கண்ணாடி இருக்கிறதே, எதைப் பார்க்காமல் இருக்க முடிகிறது?

நடுவில் ஒரு பலகை போட்டிருக்கிறேன், பாருங்கள். என் சீட்டுக்குப் பின்னால், பின்பக்கம் பார்த்து. இடம் போதாமல் எல்லா வேன்காரர்களும் போடுகிறதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு என்று போட்டது. சபரி வந்த முதல் நாளே அஸ்வத் அவனைப் பார்த்தான். "புதுசா? பலகைல உக்காரு" என்றான். அவ்வளவுதான். நாலாம் வகுப்புப் பையன், முழங்கால் மடக்க இடமில்லாமல் பலகையில் உட்கார்ந்தான்.

முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாமே என்பீர்கள். அங்கே எல்.கே.ஜி. பெண் பிள்ளைகள் இரண்டு. அவர்களை எழுப்பி இவனை உட்கார வைத்தால், 'அது என்ன, அவனுக்கு மட்டும்?' என்று ஒரு கேள்வி வரும். வந்தால் சாயம் வெளுத்துவிடும். அதனால் விட்டுவிட்டேன். ஒரு வகையில் அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. பலகையில் அவன் உட்கார்ந்தால் அவன் முதுகும் என் முதுகும் ஒட்டி இருக்கும். நடுவில் என் சீட்டுத் தகடு மட்டும்தான். வளைவில் திரும்பினால் அவன் சாய்வது எனக்குத் தெரியும். சிரித்தால் தெரியும். தூங்கினால்கூடத் தெரியும் சார்.

அப்படித்தான் இதுவும் தெரிந்தது.

ஒரு நாள் பஜாரில் போகிறேன். முன்னால் ஒரு மாடு. ஹாரன் அடித்தேன். என் முதுகில் 'தொம்' என்று ஓர் இடி. மாடு ஒதுங்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தேன். மறுபடியும் 'தொம்'. பின்னால் சிரிப்பு. கண்ணாடியைப் பார்த்தேன். எட்வின் கையை மடக்கி வைத்துக்கொண்டு என் ஹாரனுக்காகக் காத்திருந்தான். நான் அடித்தால் அவன் சபரியின் உச்சந்தலையில் ஒரு குட்டு. குட்டு விழுந்ததும் சபரி தலையைப் பின்னால் இழுப்பான், அது என் சீட்டில் இடிக்கும்.

அதுதான் அவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு. அங்கிள் ஹாரன் அடித்தால் பலகைக்கு ஒரு குட்டு.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மாரிச்செல்வி கண்டுபிடித்துவிட்டாள். "என்னல இது, தலையெல்லாம் பொடச்சிருக்கு?" என்றாள். அவன் "கதவுல இடிச்சுட்டும்மா" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் முற்றத்தில் வண்டி துடைக்கிற துணியை அலசிக்கொண்டிருந்தேன். நானும் அவனைப் பார்க்கவில்லை. அவள் என்ன முட்டாளா? அவன் வெளியே போனதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான ஓட்டுதிய? ஒங்களுக்குத் தெரியாமலா?"

"பயலுவ வெளையாட்டு" என்றேன்.

"வெளையாட்டுன்னா மத்தவன் தலை ஏன் பொடைக்கல?"

மறுநாள் அஸ்வத்தின் அப்பா கடைக்குப் போனேன். சும்மா போகவில்லை சார், தைரியமாகத்தான் போனேன். அவர் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னேன், இப்படி ஒரு பையனைப் பிள்ளைகள் குட்டுகிறார்கள், தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்று.

"எம்பையன் குட்டுனானா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. தம்பி கை வைக்கது இல்ல."

"அப்போ எங்கிட்ட எதுக்கு வே வந்தீரு? அடி வாங்குனது யாரு?"

"ஒரு புதுப் பையன்."

"அவன் அப்பன் வந்து கேக்கட்டும். அப்பன் கேட்டா நான் பதில் சொல்லுதேன். அவனே பேசாம இருக்கான், வேன் ஓட்டுதவரு நீரு எதுக்கு வே கெடந்து துடிக்கீரு? ஒரு டீ குடிச்சுட்டுப் போரும்."

டீ வந்தது. குடித்தேன். நல்ல டீதான். 'அந்த அப்பன் நான்தான்' என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? சாயங்காலம் அவர் வீட்டில் பேசுவார், அஸ்வத் கேட்பான், மறுநாள் காலையில் என் பையன் பேர் கிளீனர். குட்டு என்றைக்காவது நிற்கும். பேர் நிற்குமா? அவனுக்காகத்தான் சொல்லவில்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நான் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் வண்டி ஓட்டுவீர்களா? ஓட்டினால் தெரியும். இந்த ஊர் பஜாரில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவது எப்படித் தெரியுமா? ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவை மடார் மடார் என்று தட்டுவேன். 'யக்கா, ஓரம் போங்க', 'ஏ பெரியவரே' என்று கத்துவேன். மாட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பேன். தினமும் லேட். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஓடும். பெற்றோர்கள் போன் பண்ணித் திட்டுவார்கள். 'என்ன சொரிமுத்து, ஹாரன் ரிப்பேரா, சரி பண்ணக் கூடாதா?' என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலி. எல்லாம் சரி. என் முதுகில் இடி இல்லை. அந்த நாட்களில் சபரி பலகையில் நிம்மதியாகச் சாய்ந்து வருவான். அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, நான் எதற்கு அடிக்கவில்லை என்று. கடைசிப் பிள்ளையும் இறங்கின பிறகு, வாய்க்கால் பாலத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போது பலகையைத் தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இன்னிக்கு ஒண்ணுகூட அடிக்கல" என்பான். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதும்.

ஆனால் ரோடு சும்மா விடுமா? ஒரு நாள் காலையில் பஜாரைத் தாண்டினதும் ஒரு பெரியவர் புல்லுக்கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நேரே வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். காது கேட்காதவர்போல. கதவைத் தட்டினேன், கத்தினேன். கை தானாக ஹாரனுக்குப் போய்விட்டது. போன கை எடுக்கவும் இல்லை. அவர் ஒதுங்கி, புல்லுக்கட்டு சரிந்து, நான் பிரேக் போட்டு நிற்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பின்னால் ஒரு விவாதம் சார். ஒரு ஹாரனுக்கு ஒரு குட்டு. இது நீளமான ஹாரன். இதற்கு எத்தனை? எட்வின் ஒன்று என்றான். இன்னொருத்தன் பத்து என்றான். கோர்ட் மாதிரி. அஸ்வத் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "நீளமா அடிச்சா, அடிச்சு முடிக்கது வரைக்கும் குட்டலாம். இப்போ நாம பேசிட்டு இருந்துட்டோம். அதனால அதே நேரத்துக்கு இப்ப குட்டணும்."

படித்த பிள்ளை. நியாயமாகத்தான் பேசுவான்.

நான் கீழே இறங்கி அந்தப் பெரியவரின் புல்லுக்கட்டை எடுத்துச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேன் லேசாகக் குலுங்கியது. கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடியும் நன்றாகப் போட்டேன். அந்தப் பெரியவர், 'போதும்யா, போதும்யா' என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சபரி முன்னால் வரவில்லை. பலகையிலேயே இருந்தான்.

அதற்கப்புறம் நான் எவ்வளவு ஜாக்கிரதையாக ஓட்டினாலும் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். "அங்கிள், ஹாரன் அடிங்க! அங்கிள், ஹாரன் அடிங்க!" எல்லோரும் சேர்ந்து தாளம் போட்டு. எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல ஓட்டுவேன். ஒரு நாள் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வழக்கமாக நான் கதை சொல்கிற நேரம். அன்றைக்கு யாரும் கதை கேட்கவில்லை. அஸ்வத் சொன்னான்: "அங்கிளுக்கு ஹாரன் அடிக்க மறந்துபோச்சுல. ஞாபகப்படுத்தணும். யாராவது அங்கிள் தலைல ஒரு குட்டு குட்டுனா, எம்பக்கத்துல எடம். நெசமா."

"சும்மா இருல, வீட்ல வந்து சொல்லிருவாரு" என்றான் எட்வின். தளபதிக்கே பயம்.

எல்லோரும் கிக்கி கிக்கி என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். குழந்தைகள்தானே என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முதுகில் இருந்த கனம் எழுந்துகொண்டது.

பிறகு என் உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. வலிக்கவில்லை சார். சின்னக் கை. ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியாதா? நடக்கப் பழகும்போது என் விரலைப் பிடித்த கை.

எல்லோரும் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தார்கள். கண்ணாடியில் அவன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அஸ்வத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் திரும்பி ஒரு முறை முறைத்தால் போதும். அவன் மறுபடியும் பலகைக்குப் போயிருப்பான். அழுதிருப்பான். அழுதால் 'அப்பா' என்று வாயில் வந்திருக்கும். எல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன்.

சிரித்துவிட்டேன். "ஏ, யாருல அது, அங்கிள் தலை என்ன கோயில் மணியா?" என்றேன்.

வேனே கத்தியது. கை தட்டினார்கள். எட்வின் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அஸ்வத் பக்கத்தில் உட்கார வைத்தான். ரயில் போயிற்று, கேட் திறந்தது, எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அதற்குள்ளே அஸ்வத், தபாலாபீஸ்காரர் பையன் நித்திலனைப் பலகைக்கு அனுப்பிவிட்டிருந்தான். இரண்டாம் வகுப்பு. அதைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் ஹாரன் அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

அன்றிலிருந்து சபரி தலையில் ஒரு கை பட்டதில்லை. மாரிச்செல்வி எண்ணெய் தேய்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள். வண்டியும் நேரத்துக்குப் போகிறது. ரோட்டில் பயமில்லாமல் ஹாரன் அடிக்கிறேன். நாலு பிள்ளைகளின் உயிரை வைத்து ஓட்டுகிறோம், ஹாரன் இல்லாமல் ஓட்டலாமா? அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

நித்திலனா? தீபாவளி லீவுக்குப் பிறகு அவன் வேனில் வருவதில்லை. அடிக்கடி தலைவலி என்று அவன் அம்மா சொன்னார்கள். இயல்பாகவே நோஞ்சான் பிள்ளை. சபரி அவனை ரொம்ப அடித்தான் என்று சிலர் சொன்னார்கள். எட்வினுக்குக் கை வலிக்கிறபோது அஸ்வத் இவனை அனுப்புவான், அது உண்மைதான். ஆனால் என் பையன் மெதுவாகத்தான் குட்டுவான். எனக்குத் தெரியும். நான் வாங்கிப் பார்த்திருக்கிறேனே.

ஒரே ஒரு குறைதான். இப்போதெல்லாம் பாலம் தாண்டி வேன் காலியான பிறகும் அவன் கடைசி சீட்டிலேயேதான் இருக்கிறான். ஜன்னலோரம் நகர்ந்து, அஸ்வத் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். நான் "ஐயா, முன்னால வாயேன்" என்பேன். வெளியே பார்ப்பான். வீட்டிலும் அப்படித்தான். 'அப்பா'வும் இல்லை, 'அங்கிள்'ளும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவன் அம்மாவிடம், "அவர்கிட்ட சொல்லும்மா" என்கிறான். வளர்கிற பிள்ளை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும், இல்லையா? நீங்களும் ஒரு பிள்ளையை வளர்க்கிறீர்கள். சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டது. அதோ வருகிறார்கள். முன்னால் கையை வீசிக்கொண்டு வருகிறானே, அவன்தான் அஸ்வத். பக்கத்தில் தோளுக்கு ஒன்றாக இரண்டு பை சுமந்து வருகிறானே, அது சபரி. ஒரு பை அஸ்வத்துடையது. வேறு யாரிடமும் அவன் தன் பையைக் கொடுப்பதில்லை சார். எட்வினிடம்கூட.

தம்பி இனியா, எந்திரிச்சு முன்னால வாப்பா. கடைசி சீட்டு வேண்டாம்னு அங்கிள் சொன்னேன்ல. அதோ, பலகை காலியாத்தான் இருக்கு.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒன்றுமில்லை சார், பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

"யாருல இது?"

"தெரியல. புதுசு."

"சபரி, ச்சொ."

"ஏல, எந்திரி. இது எங்க எடம். பலகை இருக்குல்லா, அங்க போ."

பார்த்தீர்களா, எவ்வளவு அமைதியாகச் சொல்கிறான். கை ஓங்கவில்லை, பிடித்துத்தான் இழுக்கிறான். சும்மா சட்டையைத்தான். சார், நீங்கள் ஏன் உள்ளே... பிள்ளைகள் அவர்களாகவே சரி பண்ணிக்கொள்வார்கள். சார், பையனை ஏன் இறக்குகிறீர்கள்? நான் சொன்னதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமானால் முன் சீட்டில் உட்கார வைக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இரண்டையும் கொஞ்சம் நகரச் சொன்னால் இடம் வராதா? என் பையனுக்குத்தான் செய்ய முடியவில்லை, உங்கள் பையனுக்குத் தாராளமாகச் செய்யலாமே. நாளைக் காலையில் வீட்டு வாசலுக்கே வருகிறேன். வீடு எந்தத் தெரு என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சார்.

"அங்கிள், போலாம். நேரமாச்சு."

கேட்டீர்களா சார்? அது சபரி. கடைசி சீட்டிலிருந்து. எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா, என்னை ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட்டு? அங்கிள் என்றுதான் சொன்னான், சொல்லட்டுமே. கூப்பிட்டான் இல்லையா? வாய் திறந்து கூப்பிட்டான். கொஞ்சம் நில்லுங்கள் சார், இன்னொரு தடவை கூப்பிடுவான், நீங்களும் கேட்கலாம்.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் பையன் ஒரு கையால் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு மறு கையால் உங்கள் கையைப் பிடித்திருக்கிறான். அவன் ஏதோ கேட்கிறான், நீங்கள் நடந்துகொண்டே குனிந்து பதில் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடம் வரைக்கும் தெரிந்தீர்கள். அதற்கப்புறம் தெரியவில்லை.